டேடோனா பீச் போறதுக்கு முன்னாடி எல்லாரும் கேக்குற கேள்விகள்

ஆர்லாண்டோவுக்கு டிஸ்னி பாக்க வர்ற நம்மாளுங்க கடைசில ஒரு நாள் மிச்சம் இருந்தா பீச் எங்கயாச்சும் போலாமான்னு கேப்பாங்க. நான் எப்பவும் டேடோனாவைத்தான் சொல்லுவேன். ஃப்ளோரிடால இதைவிட அழகான பீச் நிறைய இருக்கு, தெளிவான நீலத் தண்ணி வேணும்னா மேற்குப் பக்கம் கிளியர்வாட்டர் சரசோட்டான்னு போயிடுங்க. ஆனா கடற்கரை மணல்லயே கார் ரேஸ் பொறந்து அங்கயே வளர்ந்து இன்னைக்கும் ஓடிட்டிருக்கற ஊருன்னா அது டேடோனாதான், அதைத் தெரிஞ்சுக்கிட்டு போனா அந்த ஊரே வேற மாதிரி தெரியும். அடிக்கடி வர்ற கேள்விகளுக்கு எனக்குத் தெரிஞ்ச பதிலை கீழ எழுதிருக்கேன்.

டேடோனா எங்க இருக்கு, எப்படிப் போறது?

ஃப்ளோரிடாவோட கிழக்குக் கரை, அட்லாண்டிக் கடல் பக்கம், வோலூசியா கவுண்டி. ஆர்லாண்டோ டவுன்டவுன்ல இருந்து ஐ-4 ஹைவேயைப் புடிச்சா அது முடியற எடமே டேடோனாதான், ட்ராஃபிக் இல்லன்னா ஒரு மணி நேரம். ஜாக்சன்வில் பக்கத்துல இருந்து வர்றவங்க ஐ-95ல தெற்கால வந்தா ஒன்றரை மணி நேரம். ஊருக்குள்ள சின்ன ஏர்போர்ட் ஒண்ணு இருக்கு, ஸ்பீட்வேங்கற கார் ரேஸ் மைதானத்துக்கு ஒட்டின மாதிரி, ஆனா நம்மாளுங்க பெரும்பாலும் ஆர்லாண்டோவுல எறங்கி கார் வாடகைக்கு எடுத்துக்கிட்டுதான் வருவாங்க, அதுதான் நல்லதும் கூட, ஏன்னா கார் இல்லாம இந்த ஊர்ல ஒண்ணும் பண்ண முடியாது.

ஊர் அமைப்பை மட்டும் மனசுல வாங்கிக்கங்க. மேற்கால ஸ்பீட்வே, நடுவுல ஹாலிஃபாக்ஸ் ஆறு, ஆத்தைத் தாண்டினா நீளமா ஒரு நிலத்துண்டு, அதுக்கு அந்தப் பக்கம் கடல். இன்டர்நேஷனல் ஸ்பீட்வே புலவார்டுன்னு ஒரே ரோடு ஐ-95ல இருந்து ஸ்பீட்வே வாசலைத் தொட்டு பாலம் ஏறி நேரா கடலுக்குப் போயிடும், வழி தவறவே தவறாது.

ஒரு பீச் ஊருக்கும் கார் ரேஸுக்கும் என்ன சம்பந்தம்?

எல்லாத்துக்கும் காரணம் மணல்தான். இங்க மணல் ரொம்ப நைஸு, அலை வந்து நனைச்சுட்டுப் போனதும் அப்படியே இறுகிடும், கரையும் சரிவு இல்லாம அகலமா பல மைல் நேரா போகும். 1900கள் ஆரம்பத்துல நல்ல ரோடே இல்லாத காலத்துல கார் வச்சிருந்த பணக்காரங்க குளிருக்கு பயந்து ஃப்ளோரிடாவுக்கு வருவாங்க, பக்கத்து ஊரு ஆர்மண்ட் பீச்ல தங்குவாங்க, அங்க இந்த மணலைப் பாத்துட்டு வண்டியை விட்டுப் பாத்தாங்க. 1903ல முறையா போட்டியே நடத்தினாங்க. 1906ல ஃப்ரெட் மேரியட்ங்கறவர் நீராவில ஓடற ஸ்டான்லி கார்ல மணிக்கு 127 மைலுக்கு மேல போனாரு, நீராவி காருங்கறதை மறுபடி படிங்க.

அப்புறம் உலக வேக சாதனைன்னாலே டேடோனான்னு ஆயிடுச்சு. 1927ல ஹென்றி சீக்ரேவ் இந்த மணல்ல 203 மைல் தொட்டாரு, தரையில 200 மைலைத் தாண்டின முதல் மனுஷன் அவருதான். 1935 மார்ச் 7ஆம் தேதி மால்கம் கேம்ப்பெல் ப்ளூபேர்ட் காரை 276 மைலுக்கு விரட்டினாரு, நம்ம கணக்குல 445 கிலோமீட்டர். கீழ ஈர மணல், ஒரு பக்கம் அலை, இன்னொரு பக்கம் மணல்மேடு, அதுக்கு நடுவுல 445! அதுக்கப்புறம் அவரே இன்னும் நீளமான எடம் வேணும்னு யூட்டாவுல உள்ள பான்வில் உப்புத்தரைக்குப் போயிட்டாரு, எல்லாரும் பின்னாடியே போயிட்டாங்க.

ஊருக்கு வருமானம் போயிடுச்சேன்னு அடுத்த வருஷமே, 1936 மார்ச்ல, சாதாரணமா ரோட்ல ஓடற கார்களை வச்சு ஒரு ரேஸ் நடத்தினாங்க. பாதி தூரம் கடற்கரை மணல்ல, பாதி தூரம் அதுக்கு இணையா போற ஏ1ஏ தார் ரோட்ல, ரெண்டு முனையிலயும் மணல்ல திருப்பம். திருப்பத்துல வண்டி எல்லாம் புதைஞ்சு கவுந்து ஒரே ரகளை, நகராட்சிக்கு நஷ்டம். அந்த ரேஸ்ல அஞ்சாவதா வந்தவரு பில் ஃபிரான்ஸ், வாஷிங்டன்ல இருந்து பொழைக்க வந்த மெக்கானிக், ஊருக்குள்ள பெட்ரோல் பங்க் வச்சிருந்தவரு. அவருதான் அப்புறம் ரேஸை எடுத்து நடத்தினாரு, டிக்கெட் வாங்காம மணல்மேட்டுப் புதர் வழியா உள்ள வர்றவங்களைத் தடுக்க பாம்பு ஜாக்கிரதைன்னு போர்டு வச்சவரும் அவருதான். 1947 டிசம்பர்ல ஏ1ஏ ரோட்ல உள்ள ஸ்ட்ரீம்லைன் ஹோட்டல் மாடியில எல்லா ஊர் ரேஸ்காரங்களையும் கூட்டி உக்கார வச்சுப் பேசினாரு, அங்க உருவானதுதான் நாஸ்கார்ங்கற அமெரிக்க கார் ரேஸ் அமைப்பு. அந்த ஹோட்டல் இன்னைக்கும் இருக்கு, புதுப்பிச்சிருக்காங்க, போனா மாடி ஏறிப் பாருங்க.

கடைசி பீச் ரேஸ் 1958. கரையெல்லாம் வீடு வந்துடுச்சு, கூட்டம் தாங்கல, அலை எப்ப ஏறும்னு பாத்துதான் ரேஸ் நேரமே வைக்க வேண்டியிருந்துச்சு. 1959ல ஸ்பீட்வே தொறந்தாச்சு.

பீச்லயே கார் ஓட்டலாம்னு சொல்றாங்களே, நிஜமாவா?

நிஜம்தான், இன்னைக்கும் சில பகுதிகள்ல ஓட்டலாம், நிறுத்தலாம், டிக்கியைத் தொறந்து வச்சுக்கிட்டு அலைக்கு நேரா உக்காரலாம். சின்னக் குழந்தை, முட்டி வலியோட இருக்கற அம்மா அப்பா, குடை, கூலர்னு கூட்டிக்கிட்டு வர்றவங்களுக்கு இது பெரிய வசதி, வேற பீச்ல பார்க்கிங்ல இருந்து சுடு மணல்ல அத்தனையும் தூக்கிட்டு நடக்கணும்.

நுழையற எடத்துல பூத்ல பணம் கட்டணும். வோலூசியா கவுண்டிக்கு வெளிய இருந்து வர்ற வண்டிக்கு நாள் கட்டணம், எவ்வளவுன்னு போற அன்னைக்கு கவுண்டியோட வெப்சைட்ல பாத்துக்கங்க. வேகம் 10 மைல்தான், அதுக்கு மேல கூடாது. நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரை சூரியன் உதிச்சு மறையற வரைக்கும், மே முதல் அக்டோபர் வரை காலைல 8 மணில இருந்து சாயங்காலம் 7 வரைக்கும். இதெல்லாம் அலை எடம் குடுத்தாதான். ஹை டைட், அதாவது கடல் தண்ணி ஏறி நிக்கற நேரத்துல மணலே இருக்காது, வாசலை மூடிருவாங்க. 2022ல இயன், நிக்கோல்னு ரெண்டு புயல் அடுத்தடுத்து வந்து கரையை அரிச்சுட்டுப் போனதுல சில எடம் முன்னைவிட குறுகலாயிடுச்சு. அதனால முந்தின நாள் ராத்திரியே டைட் டேபிளைப் பாத்து, தண்ணி எறங்கற நேரமாப் பாத்து கிளம்புங்க.

ஹெட்லைட் போட்டிருக்கணும், ஜன்னல் எறக்கியிருக்கணும். ஏன்னு கேக்காதீங்க, கண்டிப்பா செய்யுங்க. அலைச் சத்தத்துல மெதுவா வர்ற கார் சத்தம் குழந்தைங்களுக்குக் கேக்காது, 2010ல இந்தக் கவுண்டி பீச்கள்ல நாலு வயசுக் குழந்தைங்க ரெண்டு பேரு தனித்தனி விபத்துல வண்டி மோதி இறந்துபோனாங்க. கார் ஓடற பகுதியில உக்காந்தா குழந்தை கையைப் புடிச்சுக்கிட்டே இருங்க. எனக்குன்னா, அஞ்சு வயசுக்குக் கீழ குழந்தை இருந்தா போர்டுவாக்ங்கற கடலோர நடைபாதை முன்னாடி இருக்கற கார் விடாத பகுதிக்குத்தான் போவேன்.

கார் மண்ணுல மாட்டிக்காதா?

ஏற்கனவே டயர் தடம் இருக்கற இறுகின மணல்லயே போனா சாதாரண கேம்ரி, அக்கார்ட் கூட நல்லா போகும். நுழையற எடத்துலயும் மேட்டுப் பக்கமும் மணல் பொலபொலன்னு இருக்கும், அங்க நிறுத்திட்டுக் கிளம்பும்போதுதான் சக்கரம் சுத்தும். சுத்த ஆரம்பிச்சா ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதீங்க, மிதிக்க மிதிக்கப் புதையும், எறங்கி சக்கரத்துக்கு முன்னாடி மண்ணைத் தள்ளிட்டு ஃப்ளோர் மேட்டைப் போட்டு மெதுவா எடுங்க. தண்ணி ஏறி வர்ற நேரத்துல கீழ நிறுத்திட்டுத் தூங்கிடாதீங்க, கடல்ல வண்டியை விட்டவங்க ஒவ்வொரு வருஷமும் இருக்காங்க. வாடகை கார்னா பீச்ல ஓட்டலாமான்னு ஒப்பந்தத்தைப் படிச்சுக்கங்க, பல கம்பெனி தார் ரோட்டை விட்டு எறங்கவே கூடாதுன்னு போட்டிருப்பாங்க. வீட்டுக்குப் போனதும் அடிப்பக்கம் தண்ணி அடிச்சுக் கழுவிடுங்க, உப்பு தின்னுடும்.

ஓரமா கம்பம் நட்டு ஒரு பகுதியைப் பிரிச்சு வச்சிருப்பாங்க, அதுக்குள்ள காரை விடாதீங்க, அது கடல் ஆமை முட்டை போடற எடம். மே முதல் அக்டோபர் வரைக்கும் முட்டை சீசன். பசங்க தோண்டின பள்ளத்தை கிளம்பும்போது மூடிட்டு வாங்க, ராத்திரி ஏறி வர்ற ஆமை அதுல விழுந்தா திரும்பி ஏற முடியாது.

ரேஸ் இல்லாத நாள்ல ஸ்பீட்வே போனா ஏதாச்சும் பாக்க முடியுமா?

தாராளமா. டிராம்ல கூட்டிட்டுப் போற டூர் இருக்கு, ஏதாவது நிகழ்ச்சி இருந்தா அன்னைக்கு இருக்காது, முன்னாடியே பாத்து புக் பண்ணிடுங்க. அதே கட்டடத்துல மோட்டார்ஸ்போர்ட்ஸ் ஹால் ஆஃப் ஃபேம்ங்கற ரேஸ் மியூசியமும் இருக்கு. அங்க ஒண்ணை மட்டும் தவற விடாதீங்க: இங்க நடக்கற பெரிய ரேஸான டேடோனா 500ஐ அந்த வருஷம் ஜெயிச்ச காரை அப்படியே கொண்டாந்து நிறுத்தி ஒரு வருஷம் வச்சிருப்பாங்க, கழுவ மாட்டாங்க. பக்கத்துல போய்ப் பாத்தா பம்பர்ல அடுத்த கார் இடிச்ச கீறல், பக்கவாட்டுல டயர் உரசின கறுப்பு, ஜெயிச்சப்ப தூவின கலர் காகிதத் துணுக்கு ஒட்டிக்கிட்டிருக்கும், கிரில்ல அடைஞ்ச அழுக்கு கூட அப்படியே இருக்கும். டிவில பாத்தா வழவழன்னு தெரியற கார் எவ்வளவு அடி வாங்குதுன்னு அப்பதான் புரியும்.

டிராக் ஒரு சுத்து 2.5 மைல், கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர். திருப்பத்துல தரை 31 டிகிரி சாஞ்சிருக்கும். படத்துல பாத்தா இந்தச் சரிவு தெரியவே தெரியாது, அடியில நின்னு அண்ணாந்து பாக்கணும், கையை ஊணாம ஏறவே கஷ்டம். அந்தச் சாய்வுதான் காரை உள்பக்கமா அழுத்திப் புடிக்குது, அதனாலதான் பிரேக்ல காலே வைக்காம திருப்பத்தைத் தாண்டறாங்க. இவ்வளவு உயரத்துக்கு மண்ணு எங்க இருந்து வந்துச்சுன்னா டிராக்குக்கு நடுவுலயே தோண்டினாங்க, தோண்டின பள்ளம் இன்னைக்கு லேக் லாய்டுன்னு 29 ஏக்கர் ஏரியா நிக்குது.

டேடோனா 500 எப்போ? டிக்கெட் எப்படி?

பிப்ரவரி நடுவுல, பிரசிடெண்ட்ஸ் டே லீவு வர்ற திங்கக்கிழமைக்கு முந்தின ஞாயிறு. 200 சுத்து, 500 மைல். மத்த விளையாட்டுல கடைசில வர்ற ஃபைனல் மாதிரியான ரேஸ் இவங்களுக்கு சீசனோட முதல் ரேஸா வருது. 2016ல 40 கோடி டாலர் செலவு பண்ணி ஸ்டேடியத்தைப் புதுசாக்கினாங்க, இப்ப லட்சம் பேருக்கு மேல உக்காரலாம், எஸ்கலேட்டர், லிஃப்ட் எல்லாம் இருக்கு.

டிக்கெட் வாங்கும்போது கீழ் வரிசை விலை கம்மின்னு வாங்கிடாதீங்க. கீழ உக்காந்தா முன்னாடி சர்ருன்னு போறது மட்டும்தான் தெரியும், மேல் வரிசைன்னா நாலு கிலோமீட்டரும் கண்ணு முன்னாடி விரிஞ்சு கிடக்கும். ரேஸுக்கு முன்னாடி உள்ள போற பாஸ் தனியா விப்பாங்க, முதல் தடவை போறவங்க கண்டிப்பா வாங்குங்க. டிராக்லயே நடக்க விடுவாங்க, ஃபினிஷ் லைன்ல ஜனங்க குனிஞ்சு மார்க்கர் பேனாவால பேரு எழுதிக்கிட்டிருப்பாங்க, தாத்தா பேரு, குழந்தை பேரு, போன வருஷம் கூட வந்து இப்ப இல்லாதவங்க பேரு. ரெண்டு மணி நேரத்துல அது மேல கார் எல்லாம் ஓடும்.

பட்ஜெட் இடிச்சா ரெண்டு வழி. வியாழக்கிழமை ராத்திரி டூயல்னு ரெண்டு சின்ன ரேஸ் வச்சு ஞாயித்துக்கிழமை யாரு எங்க நிக்கறதுன்னு முடிவு பண்ணுவாங்க, அதே கார், அதே டிரைவர், கூட்டம் கம்மி. இல்லன்னா ஆகஸ்ட் கடைசில ராத்திரி நடக்கற 400 மைல் ரேஸ், முன்னாடி ஜூலை 4 பக்கம் நடந்துக்கிட்டிருந்தது. வெயிலும் புழுக்கமும் தாங்குவீங்கன்னா அது அருமை.

வட்டமா சுத்திக்கிட்டே இருக்கறதுல என்ன இருக்கு, போரடிக்காதா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா இது புரிஞ்சா டிக்கெட் காசு வசூல், புரியலன்னா அம்பதாவது சுத்துல தூக்கம் வரும்.

டேடோனால தனியா ஓடற கார் தோத்துடும். முன்னாடி போற கார் காத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போகுது, பின்னாடி ஒட்டிக்கிட்டு வர்ற காருக்கு எதிர்க்காத்து கம்மி. அதோட பின்னாடி ஒருத்தன் ஒட்டிக்கிட்டா முன்னாடி காரைப் பின்னால இழுக்கற காத்தும் குறையும், ஆக ரெண்டு பேருமே தனித்தனியா போறதைவிட வேகமாப் போவாங்க. இதுதான் டிராஃப்டிங். அதனால எதிரியா இருந்தாலும் யாராச்சும் பின்னாடி வேணும். நீ விலகி முந்தப் பாத்தா உன் பின்னாடி ஒருத்தன் சேந்து வரணும், வரலன்னா நடுவுல மாட்டி பத்துப் பதினஞ்சு எடம் பின்னால போயிடுவ. அப்ப யாரு யாருக்கு முட்டுக் குடுப்பா, எப்ப கை விடுவா, அதைத்தான் பாக்கணும். கடைசி ரெண்டு சுத்துல அத்தனை கூட்டணியும் உடையும்.

எஞ்சின் சக்தியையும் வேணும்னே குறைச்சு வச்சிருக்காங்க. 1987ல பில் எலியட் இங்க தகுதிச் சுத்துல 210 மைல் போனாரு, அதே வருஷம் அலபாமால உள்ள டல்லடேகா டிராக்ல ஒரு கார் பறந்து வேலியைக் கிழிச்சதும் பயந்துட்டாங்க, அடுத்த வருஷத்துல இருந்து எஞ்சினுக்குப் போற காத்தை அடைச்சாங்க. விளைவு, எல்லாக் காரும் கிட்டத்தட்ட ஒரே வேகம், நாப்பது காரும் கொத்தா ஓடும், ஒருத்தன் சறுக்கினா இருபது கார் நாசம்.

ஸ்டாண்ட்ல உக்காந்திருந்தா முதல்ல சத்தம் நெஞ்சுல வந்து இடிக்கும், அப்புறம் மொத்தக் கூட்டமும் கடந்து போகும், அதுக்கப்புறம் ஒரு காத்து வரும் பாருங்க, எரிஞ்ச ரப்பர் வாசனையோட. அம்பது விநாடில மறுபடி வந்துடுவாங்க. ஸ்கேனர் வாடகைக்குக் கிடைக்கும், அதுல டிரைவரும் மேல நின்னு வழி சொல்ற ஸ்பாட்டரும் பேசறதைக் கேக்கலாம். அதைக் காதுல மாட்டிட்டா போரடிக்கவே அடிக்காது.

மழை வந்தா என்ன ஆகும்?

ஓவல் டிராக்ல ஈரத்துல ஓட்ட மாட்டாங்க, நிறுத்திட்டு காயவைக்கற வண்டிகளை விடுவாங்க. 2012, 2020, 2024 மூணு தடவையும் டேடோனா 500 திங்கக்கிழமைக்குத் தள்ளிப் போச்சு, 2012ல நடுராத்திரி தாண்டி செவ்வாய்க்கிழமைதான் முடிஞ்சுது. அதனால திங்கக்கிழமை காலைல ஃப்ளைட் போட்டுக்காதீங்க. பிப்ரவரில பகல்ல வெயில் இதமா இருக்கும், சாயங்காலம் ஸ்டாண்ட் மேல கடல் காத்து குளிரும், ஜாக்கெட் எடுத்துக்கங்க.

குழந்தைங்களையும் அப்பா அம்மாவையும் கூட்டிட்டுப் போலாமா? சத்தம் தாங்குவாங்களா?

கூட்டிட்டுப் போங்க, ஆனா காதுக்கு இல்லாம போகாதீங்க. பெரியவங்களுக்கு நுரை இயர்ப்ளக், குழந்தைங்களுக்கு காது முழுசா மூடற இயர்மஃப், முந்தின நாளே வீட்ல போட்டுப் பழக்குங்க. கைக்குழந்தைன்னா வேண்டாம், இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சுப் போலாம். இந்தியால இருந்து வந்திருக்கற அப்பா அம்மாவுக்கு 500 மைல் ரேஸ் முழுக்க உக்கார்றது நாலு மணி நேரம் ஆகும், அவங்களுக்கு டூர்தான் சரி. டிராம்லயே உக்காந்து எல்லாம் பாத்துடலாம்.

ஜனவரில 24 மணி நேர ரேஸ்னு ஒண்ணு இருக்காமே?

ஆமா, ரோலக்ஸ் 24, ஜனவரி கடைசில. என்னைக் கேட்டா முதல் தடவை போறவங்களுக்கு டேடோனா 500ஐ விட இதுதான் நல்லது. ஓவலோட உள்பக்கம் வளைஞ்சு வளைஞ்சு போற ரோடும் சேந்து 3.56 மைல் டிராக். சனிக்கிழமை மதியம் ஆரம்பிச்சா ஞாயிறு மதியம் வரைக்கும், மழையிலயும் ஓடும். போர்ஷே, பிஎம்டபிள்யூ, காடிலாக், ஃபெராரி, கார்வெட் எல்லாம் ஒரே டிராக்ல வேற வேற வகுப்பா ஓடும், ஒரு காருக்கு மூணு நாலு டிரைவர் மாத்தி மாத்தி. 1966ல இருந்து 24 மணி நேரமா நடக்குது. ஜெயிச்சா ரோலக்ஸ் டேடோனா வாட்ச், அந்த வாட்சுக்கு அந்தப் பேரே இந்த ஊரால வந்ததுதான்.

இதுல நல்லது என்னன்னா ஒரே சீட்ல உக்கார வேண்டியதில்ல. உள்ள நடந்து சுத்தலாம், கார் ரிப்பேர் பண்றதைப் பக்கத்துல நின்னு பாக்கலாம், ராட்டினம் இருக்கு பசங்களுக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு தடவை வேலி ஓரமா போய் நின்னு பாருங்க, பிரேக் டிஸ்க் செக்கச்செவேல்னு காய்ஞ்சு எரியறது இருட்டுல தெளிவாத் தெரியும். மெக்கானிக் பையனுங்க ஹெல்மெட்டோட நாற்காலில அப்படியே தூங்குவாங்க, பெட்ரோல் போட, டயர் மாத்த கார் பிட்டுக்கு வருதுன்னதும் எழுந்து ஓடுவாங்க.

பைக் வீக்னா என்ன? அப்ப போலாமா?

பிப்ரவரி கடைசில இல்லன்னா மார்ச் முதல் வாரத்துல ஆரம்பிச்சு பத்து நாள். 1937ல பீச்ல ஓடின டேடோனா 200 பைக் ரேஸ்ல இருந்து வந்த திருவிழா இது, நாடு முழுக்க இருந்து ஹார்லிக்காரங்க லட்சக்கணக்குல வருவாங்க, மெயின் ஸ்ட்ரீட் ரெண்டு பக்கமும் பைக்கா நிக்கும். பைக் புடிச்சவங்களுக்கு இதைவிட நல்ல எடம் கிடையாது, ஒவ்வொரு வண்டியும் ஒருத்தர் வருஷக்கணக்கா உழைச்சது, நின்னு கேட்டீங்கன்னா ஆசையா எல்லாம் சொல்லுவாங்க. குடும்பத்தோடன்னா பகல்ல போய் சாயங்காலத்துக்குள்ள திரும்பிடுங்க, ராத்திரி குடியும் கூட்டமும் அதிகம். அக்டோபர்ல பைக்டோபர்ஃபெஸ்ட்னு இதையே சின்னதா நடத்துவாங்க. ஃப்ளோரிடால 21 வயசைத் தாண்டினவங்க மெடிக்கல் இன்சூரன்ஸ் இருந்தா ஹெல்மெட் இல்லாம ஓட்டலாம்னு சட்டம், அதைப் பாத்துட்டு நீங்களும் கழட்டிடாதீங்க, இந்தப் பத்து நாள்ல சாவு இல்லாத வருஷமே அபூர்வம்.

எங்க பாத்தாலும் 3ன்னு ஸ்டிக்கர் இருக்கே, என்ன அது?

டேல் எர்ன்ஹார்ட்டோட கார் நம்பர். ஏழு தடவை சாம்பியன், கறுப்புக் கார், இடிச்சுத் தள்ளிட்டுப் போற ஆளு. டேடோனால மத்த ரேஸ் எல்லாம் ஜெயிச்சாரு, டேடோனா 500 மட்டும் கைக்கே வரல, ஒரு தடவை கடைசிச் சுத்துல டயர் வெடிச்சு போச்சு. 1998ல இருபதாவது முயற்சில ஜெயிச்சாரு. முந்தின நாள் சக்கர நாற்காலில வந்த ஒரு சின்னப் பொண்ணு அதிர்ஷ்டம்னு குடுத்த ஒரு சென்ட் காசை டாஷ்போர்டுல ஒட்டிக்கிட்டு ஓட்டினாரு. அவரு காரை மெதுவா உருட்டிட்டு வரும்போது எதிரணி ஆளுங்க அத்தனை பேரும் வரிசையா வந்து ஜன்னல் வழியா கை குடுத்தாங்க.

மூணு வருஷம் கழிச்சு, 2001 பிப்ரவரி 18, அதே ரேஸ், கடைசிச் சுத்து, நாலாவது திருப்பத்துல சுவத்துல மோதி இறந்துட்டாரு. அவரோட டீம் கார்கள்தான் அப்ப முதல் ரெண்டு எடத்துல போயிட்டிருந்துச்சு, ரெண்டாவதா வந்தது அவரு மகன். அதுக்கப்புறம்தான் கழுத்தைப் புடிக்கற ஹான்ஸ் கருவி கட்டாயமாச்சு, சுவத்துக்கு அதிர்ச்சி தாங்கற தடுப்பு வந்துச்சு. நாஸ்காரோட மேல்மட்டத் தொடர்ல அதுக்கப்புறம் ரேஸ்ல ஒரு டிரைவர் கூட சாகல. ஸ்பீட்வே வெளிய அவரு சிலை இருக்கு, டிக்கெட் இல்லாமலே பாக்கலாம்.

கடல்ல குளிக்க பாதுகாப்பா? சுறா இருக்காமே?

சுறாக் கடி அதிகமா பதிவாகற கவுண்டி வோலூசியாதான், மறைக்க வேண்டியதில்ல. பெரும்பாலும் தெற்கால நியூ ஸ்மிர்னா முகத்துவாரத்துக்கிட்ட சர்ஃபிங் பண்றவங்களுக்கு, சின்னச் சுறா மீன்னு நினைச்சு கால்ல கடிச்சுட்டு விட்டுடும். அதைவிட பெரிய ஆபத்து ரிப் கரண்ட், கரைல இருந்து உள்ள இழுக்கற நீரோட்டம். லைஃப்கார்டு கோபுரத்துக்கு முன்னாடியே குளிங்க, சிவப்புக் கொடி பறந்தா முட்டிக்கு மேல போகாதீங்க, ரெண்டு சிவப்புன்னா எறங்கவே கூடாது. இழுத்துட்டுப் போச்சுன்னா கரையைப் பாத்து நீந்தாம கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி வெளிய வாங்க. நம்மாளுங்க பல பேரு நீச்சல் தெரியாம அலை ஜாலியா இருக்குன்னு உள்ள போயிடறாங்க, அதனாலதான் இவ்வளவு சொல்றேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை மத்தியானம் இடி மின்னல் வரும், இடி கேட்டதும் காருக்குள்ள போயிடுங்க.

ரேஸே புடிக்காதவங்களுக்கு என்ன இருக்கு?

நிறைய. தெற்கால பான்ஸ் இன்லெட் லைட்ஹவுஸ், 1887ல ஏத்தினது, 175 அடி, 203 படி, ஃப்ளோரிடாவிலயே உயரமானது. மேல ஏறினா ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஆறு. போற வழியில பழைய பீச் ரேஸோட வடக்குத் திருப்பம் இருந்த எடத்துல இப்ப ஒரு ரெஸ்டாரண்ட் இருக்கு, சுவர் முழுக்க பழைய ஃபோட்டோ. போர்டுவாக், கடலுக்குள்ள நீட்டிக் கட்டின மீன் புடிக்கற பியர் (pier), 1937ல கடல் கிளிஞ்சல் கல்லால கட்டின பேண்ட்ஷெல் எல்லாம் நடந்தே பாக்கலாம்.

ஆனா நான் அழுத்திச் சொல்றது வேற ரெண்டு எடம். மேரி மெக்லியோட் பெத்தூன்னு ஒரு அம்மா, அடிமையா இருந்தவங்களுக்குப் பொறந்தவங்க, 1904ல அஞ்சு பொண்ணுங்களோட இந்த ஊர்ல ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாங்க, அதுதான் இன்னைக்கு பெத்தூன்-குக்மன் யுனிவர்சிட்டி. அவங்க வீட்டைப் பாக்கலாம். வேகச் சாதனை எல்லாம் நடந்த அந்த பீச்ல அப்ப கறுப்பின மக்களுக்கு அனுமதி இல்ல, அதனால அவங்களும் சில பேரும் சேந்து தெற்கால தனியா கடற்கரை நிலத்தையே வாங்கினாங்க. இன்னொண்ணு ஜாக்கி ராபின்சன்ங்கற கறுப்பின பேஸ்பால் வீரர் பேர்ல உள்ள பால்பார்க், 1946 மார்ச்ல மத்த ஊருங்க கதவை மூடினப்ப இந்த ஊரு அவரை வெள்ளைக்காரங்க டீம்ல சேந்து விளையாட விட்டுச்சு.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

ஸ்டேடியத்துல ஃப்ரைஸ், ப்ரெட்ஸல், சீஸ் நாச்சோ, அவ்வளவுதான். மெத்து கூலர் பையில சொந்தச் சாப்பாடு எடுத்துட்டுப் போலாம், அளவு வரம்பு இருக்கு, கண்ணாடி பாட்டில் கூடாது. புளியோதரையும் சிப்ஸும் கட்டிட்டுப் போங்க, ஆறினாலும் நல்லா இருக்கும், கெடாது. பீச்ல மது, கண்ணாடி, நாய் மூணும் கிடையாது. நல்ல இட்லி தோசை வேணும்னா ஆர்லாண்டோவுலயே சாப்பிட்டுட்டு வந்துடுங்க, அந்தப் பக்கம் காசல்பெரில கோயிலும் இருக்கு, போற வழியில சாமியும் கும்பிட்டுக்கலாம்.

எங்க தங்கறது?

சாதாரண நாள்ல கடல் பாத்த ரூமே நியாயமான விலைக்குக் கிடைக்கும். ரேஸ் வாரம், பைக் வீக், மார்ச் ஸ்பிரிங் பிரேக் மூணுலயும் வாடகை எகிறும், ரெண்டு மூணு ராத்திரி கட்டாயம் எடுக்கணும்பாங்க. அப்ப டிலேண்ட், சான்ஃபோர்ட், பாம் கோஸ்ட்ல தங்கிட்டு காலைல சீக்கிரம் கிளம்பி வாங்க. ரேஸ் முடிஞ்சதும் உடனே பார்க்கிங்குக்கு ஓடாதீங்க, ஒன்றரை மணி நேரம் நகராது.

நம்மூர் ஆளுங்க யாராச்சும் நாஸ்கார்ல ஓட்டிருக்காங்களா?

கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2010ல நாஸ்கார் டிரக் தொடர்ல ஓட்டினாரு, முதல் ரேஸ் வர்ஜீனியா மார்ட்டின்ஸ்வில்ல. நாஸ்கார்ல ஓட்டின முதல் இந்தியர் அவருதான், அந்த வருஷம் ரசிகர்கள் ஓட்டுல அந்தத் தொடரோட பிரபல டிரைவர் விருதும் அவருக்குத்தான் கிடைச்சுது.

ஒரே ஒரு நாள்தான் இருக்கு, என்ன பண்ணலாம்?

டைட் டேபிளைப் பாத்து அதுக்கேத்த மாதிரி மாத்திக்கங்க. காலைல தண்ணி எறங்கியிருந்தா முதல்ல பீச்சுக்குள்ள காரை விட்டு 10 மைல்ல மெதுவா ஓட்டுங்க, கூட வர்ற பசங்ககிட்ட இதே மணல்ல ஒருத்தர் 276 போனாருன்னு சொல்லுங்க, நம்ப மாட்டாங்க. மதிய வெயில்ல ஸ்பீட்வே டூரும் ஹால் ஆஃப் ஃபேமும், அதுக்கு மூணு மணி நேரம் வச்சுக்கங்க. நாலு மணிக்கு மேல லைட்ஹவுஸ், படி ஏறறது மூடற நேரத்துக்கு முன்னாடியே நிறுத்திடுவாங்க, அதனால லேட் பண்ணாதீங்க. காலைல தண்ணி ஏறியிருந்தா ஸ்பீட்வேயை முதல்ல முடிச்சுட்டு பீச்சை சாயங்காலத்துக்குத் தள்ளிடுங்க.